கொசுவுக்குள் மலேரியா: மொத்தமாக அரைத்துப் பார்ப்பதா, செல் செல்லாகப் பார்ப்பதா?

போன வாரம் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் ஜூனியர் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ப்ராஜெக்டுக்கு கொசுவுக்குள்ள இருக்கற மலேரியா ஒட்டுண்ணிய எடுத்திருக்கேன். எந்த மரபணு எப்ப வேலை செய்யுதுன்னு பாக்கணும். பல்க் டேட்டா எடுக்கவா, சிங்கிள் செல் எடுக்கவா?" கானாடுகாத்தான் பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. "சிங்கிள் செல்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். அந்த ஒற்றைப் பதில் போதாது. நானும் இதே இடத்தில் நின்று, முதலில் பல்க்கை எடுத்து, நாலு மாதம் கழித்து மாறியவள்.

ஒரு மரபணு வேலை செய்யும்போது அதிலிருந்து எடுக்கப்படும் நகல்தான் ஆர்என்ஏ. இரண்டுமே அதைப் படிக்கும் வழிகள்தான். பல்க் என்றால் கொசுவின் குடலையோ உமிழ்நீர்ச் சுரப்பியையோ அப்படியே அரைத்து, அதிலிருக்கும் ஆர்என்ஏ முழுவதையும் சேர்த்து வாசிப்பது. சிங்கிள் செல் என்றால், ஒற்றைச் செல்லான ஒவ்வொரு ஒட்டுண்ணியையும் தனியே பிரித்து, அதனதன் ஆர்என்ஏவை அதனதன் பெயரில் வாசிப்பது. பல்க்குக்குச் செலவு குறைவு, கற்றுக்கொள்வதும் சுலபம். அரைத்த குடலில் பெரும்பங்கு கொசுவின் ஆர்என்ஏதான், ஒட்டுண்ணியுடையது கொஞ்சம்தான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். நான் மாறியதற்கு இவை காரணமில்லை.

கொசுவுக்குள் நடப்பதை ஒருமுறை மனதில் ஓட்டிக்கொள்ளுங்கள். ரத்தத்தோடு உள்ளே போன காமிட்டோசைட்டுகள், அதாவது ஆண், பெண் பாலணுக்களாக மாறப்போகும் ஒட்டுண்ணிகள், கால் மணி நேரத்துக்குள் விழித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு ஆணும் எட்டு பாலணுக்களாகப் பிரிகிறது. கருவுற்றது ஏறக்குறைய ஒரு நாளில் நகரும் ஊகினீட்டாகி, குடல் சுவரைத் துளைத்து வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டு ஊசிஸ்ட்டாக வளர்கிறது. இரண்டு வாரம் போல ஆனதும் அது வெடித்து, அடுத்த ஆளைத் தொற்றப்போகும் ஸ்போரோசோயிட்டுகள் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர்கின்றன. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் பார்த்தது அந்த ஊசிஸ்ட்டைத்தான். ஒரே ஒட்டுண்ணி, ஒரே மரபணுத் தொகுதி. மனிதரைத் தாக்கும் மலேரியா ஒட்டுண்ணியான ஃபால்சிபாரத்துக்கு 14 குரோமோசோம்கள், ஏறக்குறைய 5,300 மரபணுக்கள் என்று 2002லேயே தெரிந்துவிட்டது. அதே மரபணுக்களை வைத்துக்கொண்டு இத்தனை வேஷம் எப்படிக் கட்டுகிறது என்பதுதான் கேள்வி.

சிக்கல் என்னவென்றால், ஒட்டுண்ணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வேஷம் மாற்றுவதில்லை. ரத்தம் குடித்து 24 மணி நேரமான குடலைத் திறந்தால் ஊகினீட் இருக்கும், இன்னும் ஊகினீட்டாகி முடிக்காதவை இருக்கும், கருவுறாத பெண் பாலணுக்கள் இருக்கும், செத்துக்கொண்டிருப்பவையும் இருக்கும்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வருஷமெல்லாம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு, அன்றைக்கு வளவு கொள்ளாத கூட்டம். முதல் பந்தியில் பாதி 80 வயதுப் பெரியவர்கள், பாதி 2 வயதுப் பிள்ளைகள் என்றால் சராசரி வயது 41. அந்தப் பந்தியில் 41 வயதுக்காரர் ஒருவர்கூட இல்லை. இதையாவது எல்லோரும் கவனித்துவிடுவோம். ஏமாறுவது அடுத்த பந்தியில்தான். அதில் பிள்ளைகள் அதிகம் உட்கார்ந்தால் சராசரி இறங்கிவிடும். ஆனால் யாருக்கும் வயது குறையவில்லை.

நான் சறுக்கியது சரியாக இங்கேதான். இரண்டு பல்க் மாதிரிகளை ஒப்பிட்டேன். சிடிஆர்பி என்ற மரபணு, ஊகினீட் குடல் சுவரைத் துளைக்கத் தேவையான புரதத்துக்கானது, இரண்டாவது மாதிரியில் இரண்டு மடங்காகத் தெரிந்தது. "செயல்பாடு இரட்டிப்பாகிறது" என்று எழுதி எடுத்துக்கொண்டு போனேன். என் கைடு கேட்டது ஒரே கேள்வி: "ரெண்டு மாதிரியிலும் ஊகினீட் எத்தனைம்மா?" என்னிடம் பதில் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு ஒட்டுண்ணியில் 20 ஊகினீட், ஒவ்வொன்றிலும் அந்த ஆர்என்ஏ 50 பிரதி என்றால் மொத்தம் 1,000. அடுத்த மாதிரியில் 40 ஊகினீட், அதே 50 பிரதி என்றால் 2,000. மரபணு இரட்டிப்பானதாக பல்க் சொல்லும். எந்த ஒட்டுண்ணிக்குள்ளும் எதுவும் மாறவில்லை, ஊகினீட்டின் விகிதம் மட்டும் மாறியிருக்கிறது. மாதிரி எடுத்த அன்றே யாராவது மைக்ராஸ்கோப்பில் எண்ணிக் குறித்து வைத்திருந்தால் இதைச் சரிசெய்யலாம். நான் எடுத்த தரவில் அந்த எண்ணிக்கை இல்லை. அரைத்தாகிவிட்ட பிறகு எந்த சாஃப்ட்வேரும் அதை உறுதியாகத் திருப்பித் தராது. ஏற்கெனவே அறிந்த செல் வகைகளை வைத்து ஊகிக்கும் கருவிகள் உண்டு, ஆனால் அவற்றுக்கும் ஆதாரமாக சிங்கிள் செல் தரவுதான் வேண்டும்.

அன்று இரவே வெல்கம் சாங்கர் நிறுவனத்தின் மலேரியா செல் அட்லஸைத் திறந்தேன். 2019ல் வெளியான அதில், எலிகளைத் தாக்கும் பெர்கை ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி முழுவதிலிருந்தும் 1,700க்கு மேற்பட்ட ஒட்டுண்ணிகள் தனித்தனியாக வாசிக்கப்பட்டிருக்கின்றன. எந்த ஒட்டுண்ணியில் எந்த மரபணுவின் ஆர்என்ஏ எத்தனை என்று சொல்லும் எண்ணிக்கை அட்டவணையை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். என் சாதாரண லேப்டாப்பிலேயே திறந்தது. ஊகினீட்டை மட்டும் தனியே பிரித்து, அவற்றுக்குள் சிடிஆர்பி எப்படி இருக்கிறது என்று பார்க்க முடிந்தது. நான் கேட்க நினைத்த கேள்வியை முதன்முறையாகக் கேட்க முடிந்தது அன்றுதான்.

பல்க் தேவையே இல்லை என்று சொல்லவரவில்லை. ஒரு செல்லில் இருக்கும் ஆர்என்ஏ மிகக் கொஞ்சம், அதிலும் நிறைய கைநழுவிப் போய்விடும். சிங்கிள் செல் அட்டவணையில் பூஜ்யம் என்றால் அந்த மரபணு தூங்குகிறது என்று அர்த்தமில்லை, பிடிபடவில்லை என்றும் இருக்கலாம். ஏபி2 குடும்பத்து மரபணுக்கள் மற்ற மரபணுக்களை இயக்குபவை, ஆனால் குறைவாகவே பேசுபவை, அதாவது அவற்றின் ஆர்என்ஏ கொஞ்சம்தான் இருக்கும். அவற்றைத் தேடுகிறவர்கள் பல்க்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஒரே கூண்டுக் கொசுக்களிலிருந்து வந்த முந்நூறு செல்கள் முந்நூறு தனிச் சோதனைகள் ஆகாது. இதை மறந்தால், முடிவு தற்செயலா என்று சொல்லும் பி-வேல்யூ அழகாக வரும், உண்மையாக இருக்காது.

ஊசிஸ்ட் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியாது. குடல் சுவரில் புதைந்து, உறை கட்டி, ஒன்றுக்குள் ஆயிரக்கணக்கான கருக்களோடு வளரும் ஒன்றைச் செல் என்று எப்படிப் பிரிப்பது? நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள், கொசுவை அறுத்தவள் இல்லை. ஊசிஸ்ட்தான் உங்கள் தலைப்பு என்றால், அறுத்துப் பழகிய ஒருவரிடம் முதலில் கேளுங்கள்.

இரண்டு வழிக்குமே எட்டாத ஒன்றும் உண்டு. பெண் காமிட்டோசைட் பி25, பி28 என்ற புரதங்களுக்கான தூது ஆர்என்ஏவை முன்கூட்டியே செய்து, டோசி என்ற புரதத்தின் துணையோடு மூட்டை கட்டி வைத்துக்கொள்கிறது. கொசுவுக்குள் போய் விழித்துக்கொண்ட பிறகுதான் அதிலிருந்து புரதம் வருகிறது. 2006ல் கண்டறிந்தது இது. உமிழ்நீர்ச் சுரப்பியில் காத்திருக்கும் ஸ்போரோசோயிட்டும் யூஐஎஸ்4 என்ற மரபணு விஷயத்தில் இதையேதான் செய்கிறது. ஆகவே ஆர்என்ஏ நிறைய இருப்பதை வைத்து "புரதம் வேலை செய்கிறது" என்று எழுதிவிடாதீர்கள்.

அந்த ஜூனியருக்குக் கடைசியாக ஒன்று. பெர்கை தொற்றிய கொசுக்களை ஆய்வகத்தில் 20 டிகிரி வாக்கில் வளர்ப்பார்கள். ஃபால்சிபாரத்துக்கு 26, 27 டிகிரி வேண்டும். நம் ஊர்க் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் முட்டையிடும் ஸ்டீஃபன்சி கொசுவுக்குள் நடப்பதும் இதுவேதான் என்று பெர்கை தரவை வைத்து எழுத எனக்குத் தைரியமில்லை. ஃபால்சிபாரத்தின் கொசுக் கட்டங்களுக்கும் 2021ல் சிங்கிள் செல் தரவு வந்துவிட்டது, நீ அதிலிருந்து ஆரம்பி. இரண்டு அட்டவணையும் என் பென்டிரைவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால், ஊகினீட்டைப் பிரிக்கும் அந்த நாலு வரி கோடையும் சேர்த்துத் தருகிறேன்.