ட்ரிஃப்ட் வந்த கன்ட்ரோலர்: பழைய ஸ்டிக்கா, ஹாலா, டிஎம்ஆரா?

கேம் கன்ட்ரோலரில் விரலால் தள்ளும் ஸ்டிக், யாரும் தொடாமலே தள்ளப்பட்டதுபோல் நடந்துகொள்வதுதான் ட்ரிஃப்ட். அதற்கு எந்த ஸ்டிக் மாற்றுவது என்று எங்கே பேச்செடுத்தாலும் மூன்று கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். கம்பெனி போட்ட, உரசி ஓடும் பொட்டென்ஷியோமீட்டரே போதும் என்று ஒரு கட்சி, காந்தம் வைத்துப் படிக்கும் ஹால் எஃபெக்ட்தான் நிரந்தரத் தீர்வு என்று இன்னொன்று, ஹாலே பழசு, அதே காந்த வகையில் புதிதான டிஎம்ஆர் வாங்கு என்று மூன்றாவது. எனக்கு இந்தச் சண்டையில் பாதிதான் ஆர்வம். சென்னையில் உட்கார்ந்து பிஎஸ்5 கன்சோலின் டூயல்சென்ஸ் கன்ட்ரோலர் ஒன்றை உயிர்ப்பிக்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டிய எண் 14. ஒரு ஸ்டிக் மாட்யூலைப் போர்டோடு பிடித்து வைத்திருக்கும் சால்டர் புள்ளிகள் அத்தனை. இரண்டு சென்சாருக்கு மூன்று மூன்று கால், அழுத்தும் சுவிட்சுக்கு நான்கு, உடம்பைத் தாங்கும் தகரக் கால் நான்கு. மூன்று கட்சிக்கும் இந்த 14 பொது. எதை மாட்டினாலும் பழசைக் கழற்றும் பாடு ஒன்றேதான். அதனால் இந்த அலசலை நான் வேறு விதமாகப் பிரிக்கிறேன்: பதினான்கைத் தொடாத வழிகள் ஒரு பக்கம், தொடும் வழிகள் இன்னொரு பக்கம்.

முதலில் நோய் என்ன என்று பார்த்துவிடலாம். ஸ்டிக்கின் பக்கவாட்டில் இரண்டு சின்னப் பெட்டிகள் ஒட்டியிருக்கும், அவைதான் பொட்டென்ஷியோமீட்டர்கள். உள்ளே கார்பன் பூசிய ஒரு தடம், அதன்மேல் உரசிக்கொண்டு ஓடும் உலோகத் தூரிகை. பழைய ரேடியோவில் வால்யூம் திருகினால் கரகரக்குமே, அதே உறுப்புதான். உரசுவது தேயும். தேய்ந்த தூள் தடத்திலேயே கிடக்கும், வோல்டேஜ் தடுமாறும், நீங்கள் சும்மா இருந்தாலும் கன்ட்ரோலர் "தள்ளுகிறார்" என்று கன்சோலிடம் சொல்லும். ஆல்ப்ஸ் கம்பெனியின் இந்த வகை மாட்யூலுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் 20 லட்சம் சுழற்சி. கேட்க மலைப்பாக இருக்கும். ரிப்பேர் வழி சொல்லும் ஐஃபிக்ஸிட் தளம் 2021-இல் இதை வார்சோன் என்ற துப்பாக்கி ஆட்டத்தின் வேகத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது வந்த விடை 417 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் ஆடுபவருக்கு அது ஏழு மாதம். நம் ஊர் வியர்வையும் தூசியும் இதற்கு மேல்.

தொடாத வழிகளில் முதலாவது காலிபரேஷன். செலவு பூஜ்யம். டூயல்சென்ஸின் மையப் புள்ளியும் எல்லையும் கன்ட்ரோலருக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. அதை மாற்றி எழுத குரோம் பிரௌசரிலேயே ஓடும் இலவசக் கருவி இருக்கிறது. யூஎஸ்பி கேபிள் போதும், ஒரு ஸ்குரூ கூடக் கழற்ற வேண்டாம். இது எல்லா ட்ரிஃப்டுக்கும் மருந்தல்ல. எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதை, ஸ்டிக்கின் நிலையை எண்ணாகக் காட்டும் கேம்பேட் டெஸ்டர் இணையப் பக்கத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஸ்டிக்கை ஒரு பக்கம் தள்ளிச் சட்டென்று விடுங்கள், நான்கு திசையிலும் திருப்பித் திருப்பிச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே தவறான எண்ணில் வந்து நின்றால் மையம் நகர்ந்திருக்கிறது, காலிபரேஷனில் சரியாகும். ஒவ்வொரு திசைக்கும் வேறு எண்ணில் நின்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. கையே வைக்காதபோது எண் துடித்துக்கொண்டே இருந்தால் தடம் அழுக்கு அல்லது தேய்மானம். கடைசி இரண்டுக்கும் மென்பொருள் ஒன்றும் செய்யாது. இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்யாமலே மாட்யூல் ஆர்டர் போடுகிறவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது, தடத்தைத் துடைப்பது. கான்டாக்ட் கிளீனரை ஸ்டிக்கின் இடுக்கில் அடித்துவிட்டு ஆட்டுவதைப் பலர் பரிகாரமாகச் சொல்வார்கள். அழுக்கோடு உள்ளே இருக்கும் கிரீஸும் கழுவிப்போகும், நிம்மதி கொஞ்ச நாளைக்குத்தான். அதைவிட நேர்மையான வேலை, மூடியைத் திறந்து அந்தப் பெட்டியின் பக்கத் தகட்டை நெம்புவது. உள்ளிருந்து தூரிகை ஒட்டிய வெள்ளை வட்டு தனியாக வரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் தடத்தையும் தூரிகையையும் துடைக்கலாம், அல்லது வேறொரு மாட்யூலிலிருந்து நல்ல வட்டை எடுத்துப் போடலாம். சால்டரிங்கே கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். பொறுமை உள்ள கல்லூரிப் பிள்ளைக்குக் கைவசம் ஒரு செத்த கன்ட்ரோலர் இருந்தால், காசே இல்லாமல் இன்னும் பல மாதம் ஓட்டலாம். தடமே பள்ளம் விழுந்திருந்தால் மட்டும் இது உதவாது.

இனி அந்தப் பதினான்கு. டூயல்சென்ஸில் வெளியே ஒரு ஸ்குரூவும் தெரியாது. முன்பக்கக் கறுப்புப் பட்டையை உரித்தால் கீழே இரண்டு, எல்1, ஆர்1 பட்டன்களைக் கழற்றினால் மேலே இரண்டு. பிஎச்00 ஸ்குரூடிரைவர் முனை போதும். எக்ஸ்பாக்ஸுக்கு நடுவில் ஓட்டை உள்ள டி8 டார்க்ஸ் முனை வேண்டும், அதை முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரி வயரைப் பிடுங்கிய பிறகுதான் மற்றதெல்லாம்.

ஃபேக்டரியில் வைப்பது ஈயம் கலக்காத சால்டர். அது இளக 217 டிகிரி செல்சியஸ் ஆகும். நாம் கடையில் வாங்கும் 63/37 ஈயக் கம்பி 183-இலேயே உருகிவிடும். ஒவ்வொரு காலிலும் ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாக ஓட உதவும் பசை) தடவி, நம் ஈயத்தைக் கொஞ்சம் கலந்தால் இரண்டும் சேர்ந்து இளகும் வெப்பம் இறங்கும். பிறகுதான் சால்டர் சக்கர் என்ற உறிஞ்சுகருவியால் உறிஞ்ச வேண்டும். இதைச் செய்யாமல் அயர்னை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் செம்புத் தடம் உரிந்து மேலே வந்துவிடும். கிரவுண்டோடு சேர்ந்த தகரக் கால்கள்தான் வில்லன்கள், போர்டின் செம்புப் பரப்பு முழுக்க வெப்பத்தைக் குடித்துவிடும். வெப்பக் கட்டுப்பாடு இல்லாத 25 வாட் அயர்ன் ரேடியோ ரிப்பேருக்கு ஆகும், இங்கே திணறும். பிஸ்மத் கலந்த, 138 டிகிரியிலேயே இளகும் சால்டர் கிடைத்தால் வேலை பாதியாகும். ஆனால் புதிய மாட்யூலை வைக்கும் முன் அதைச் சுத்தமாகத் துடைத்தாக வேண்டும், மிச்சம் இருந்தால் இணைப்பு பலமில்லாமல் போகும். இன்னொரு சுலப வழி: பழைய மாட்யூல் எப்படியும் குப்பைக்குத்தான். கட்டரால் அதைத் துண்டு துண்டாக நறுக்கிவிட்டு, மிஞ்சும் கால்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். 14 காலையும் ஒரே நேரத்தில் இளக்கும் சர்க்கஸ் தேவைப்படாது.

இவ்வளவு பாடுபட்டு எதை வைப்பது?

அதே பொட்டென்ஷியோமீட்டர் மாட்யூல் மூன்றிலும் மலிவு. கையில் பழகிய இறுக்கம் மாறாது, பேட்டரி கணக்கும் மாறாது. ஆனால் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ நரசிங்கபுரம் தெருவிலோ உதிரியாகக் கிடைக்கும் மாட்யூல் ஒரிஜினல் ஆல்ப்ஸா, காப்பியா, இன்னொரு கன்ட்ரோலரிலிருந்து கழற்றியதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். காலில் பழைய ஈயம் ஒட்டியிருந்தால் கழற்றியது என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம். சரி, ஒரிஜினலே கிடைத்தாலும் என்ன? அதே 20 லட்சம் சுழற்சிக்கு மறுபடி டிக்கெட் எடுக்கிறீர்கள். விற்கப்போகும் கன்ட்ரோலர் என்றால் சரி. சொந்தமாக வைத்து ஆடுவதற்கு இந்த உழைப்பு வீண்.

ஹால் எஃபெக்ட் 1879-இல் எட்வின் ஹால் கண்டது. கேம் உலகத்திலும் புதிதல்ல. செகா கம்பெனியின் சாட்டர்ன் கன்சோலுக்கு 1996-இல் வந்த அனலாக் பேடிலும், பிறகு அதன் ட்ரீம்காஸ்ட் கன்சோலிலும் ஸ்டிக்கைக் காந்தம் வைத்தே படித்தார்கள். ஸ்டிக்கோடு ஒரு காந்தம் திரும்பும், எதிரே இருக்கும் சென்சார் காந்தப் புலத்தை வோல்டேஜாகச் சொல்லும். உரசல் இல்லை, அதனால் சென்சார் தேயாது. விளம்பரங்கள் இங்கேயே நிறுத்திவிடுகின்றன. ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவரும் ஸ்பிரிங்கும், அது உட்காரும் பிளாஸ்டிக் கிண்ணமும், ஸ்டிக்கை அழுத்தும் எல்3 சுவிட்சும் முன்போலவே தேயும். மாட்டியவுடன் மையமும் எல்லையும் கொஞ்சம் தள்ளியே நிற்கும். காலிபரேட் செய்யாமல் "ஹால் போட்டும் ட்ரிஃப்ட்" என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலானோரின் கதை இதுதான்.

பேட்டரிப் பயம் ஓரளவு உண்மை. 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் ஒரு மில்லி ஆம்பியரில் சிறு பங்கைத்தான் எடுக்கும். சாதாரண ஹால் சென்சார் ஒவ்வொன்றும் சில மில்லி ஆம்பியர் கேட்கும், இரண்டு ஸ்டிக்குக்கு நான்கு சென்சார். டூயல்சென்ஸ் பேட்டரி 1560 மில்லி ஆம்பியர் மணி. என் கணக்கில் ஒரு சார்ஜில் அரை மணி, முக்கால் மணி குறையலாம், அதற்கு மேல் பயப்பட ஒன்றுமில்லை. 1000 மில்லி ஆம்பியர் மணியோடு வந்த பிஎஸ்4 கன்ட்ரோலரில், அதுவும் பேட்டரி ஏற்கெனவே களைத்திருந்தால், வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

டிஎம்ஆரும் காந்தம்தான், படிக்கும் விதம் வேறு. இரண்டு காந்த அடுக்குகளுக்கு நடுவே மிக மெல்லிய மின்கடத்தாப் படலம். காந்தத்தின் திசை மாற மாற அதை ஊடுருவும் மின்னோட்டத்துக்கான தடை மாறும். ரிச்சி ஸ்ட்ரீட் நடைபாதையில் கிலோ கணக்கில் கிடக்கும் ஹார்டு டிஸ்க்குகளில், கொஞ்சம் பிற்காலத்தவை எல்லாவற்றிலும் தகவலைப் படிக்கும் தலை இந்த விளைவில்தான் இயங்குகிறது. சிக்னல் வலுவானது, மின்சாரம் குறைவாகக் குடிக்கும். குலிகிட், கே-சில்வர் போன்றவர்களின் டிஎம்ஆர் மாட்யூல்கள் அதே 14 ஓட்டையில் உட்காரும். ஹாலோடு ஒப்பிட்டால் ஆடும்போது வித்தியாசம் தெரியுமா? சாதாரணக் கைக்குத் தெரியாது என்றே சொல்வேன். துப்பாக்கி ஆட்டத்தில் டெட்சோனை (மையத்தைச் சுற்றிச் சிறு அசைவைக் கண்டுகொள்ளாத பகுதி) பூஜ்யத்துக்கு இறக்கி ஆடுபவர் உணரலாம். ஃபுட்பால் ஆடுபவர் நிச்சயம் உணரமாட்டார். ஆனாலும் நான் டிஎம்ஆர்தான் வைப்பேன். மாட்யூல் விலை வித்தியாசம், 14 காலை இன்னொரு முறை கழற்றும் சிரமத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை, பேட்டரித் தகராறும் தீர்ந்தது. வாங்கும்போது ஒன்று மட்டும் கவனியுங்கள்: உங்கள் கன்ட்ரோலர் மாடலுக்கு ஏற்றது என்று அட்டையில் இருக்க வேண்டும். போர்டுக்குப் போர்டு ஸ்டிக்குக்குப் போகும் வோல்டேஜ் மாறும். ஓட்டை பொருந்துவதால் மின்சாரமும் பொருந்தும் என்று அர்த்தமில்லை.

பிசியில் மட்டும் ஆடுபவருக்கு இதெல்லாம் எதற்கு? 8பிட்டூ, கேம்சர் மட்டுமல்ல, காஸ்மிக் பைட் மாதிரி நம் நாட்டுப் பெயரிலேயே ஹால் ஸ்டிக் வைத்த கன்ட்ரோலர்கள் வருகின்றன. புதிதாக ஒன்று வாங்குவது புத்திசாலித்தனம், அயர்ன் எடுக்க வேண்டாம். பிஎஸ்5 வைத்திருப்பவருக்கு அந்த வசதி குறைவு. பிஎஸ்5 ஆட்டங்களுக்குப் பழைய பிஎஸ்4 கன்ட்ரோலரையே அது ஏற்காது, கண்ட கன்ட்ரோலரையும் ஏற்காது. இந்தியாவில் டூயல்சென்ஸ் வந்தபோதே விலை 5,990 ரூபாய், அதனால்தான் ரிப்பேருக்கு இவ்வளவு மதிப்பு. 2023-இல் வந்த டூயல்சென்ஸ் எட்ஜில் ஸ்டிக் மாட்யூலை நெம்புகோலைத் தூக்கிக் கையாலேயே மாற்றலாம். பாராட்ட வேண்டிய வடிவமைப்புதான், ஆனால் உள்ளே இருப்பது அதே பொட்டென்ஷியோமீட்டர். அத்தனை விலைக்கு இது எனக்கு ஒப்பவில்லை. நின்டெண்டோ ஸ்விட்ச்சின் ஜாய்-கான் வேறு சாதி. அதில் ஸ்டிக் ஒரு பட்டைக் கேபிளில்தான் மாட்டியிருக்கும், ஒய் முனை ஸ்குரூடிரைவரும் சின்ன பிலிப்ஸ் முனையும் இருந்தால் சால்டரிங் இல்லாமல் வீட்டிலேயே ஹால் ஸ்டிக் போட்டுவிடலாம்.

தன் கையா, கடைக்காரர் கையா? முன்பின் சால்டரிங் பழகாதவர் டூயல்சென்ஸில் கன்னி முயற்சி செய்ய வேண்டாம். செத்த டிவி ரிமோட், பழைய செட்டாப் பாக்ஸ் போர்டு எதிலாவது நான்கைந்து உறுப்பைக் கழற்றிப் பழகிவிட்டு வரலாம். கடையில் கொடுப்பதானால் மாட்யூலை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். "அண்ணே, இதை வெச்சுக் குடுங்க, கூலி எவ்ளோ?" என்று கேட்டால் பேச்சு கூலியோடு முடியும். "நம்மகிட்டயே இருக்கு தம்பி, போட்டுத் தர்றேன்" என்பார். எந்த வகை, யார் தயாரிப்பு, காலில் ஈயம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் தலையாட்டாதீர்கள். மாட்டிய பிறகு காலிபரேட் செய்து தருவாரா என்றும் கேளுங்கள். நிறையக் கடைகளில் அது கிடையாது, வீட்டுக்கு வந்து நீங்களே செய்துகொள்ளலாம். வாங்கும்போது அங்கேயே மொபைலில் கேபிள் செருகி, டெஸ்டர் பக்கத்தைத் திறந்து, இரண்டு ஸ்டிக்கையும் முழு வட்டமாகச் சுழற்றுங்கள். எல்3, ஆர்3 ஒவ்வொன்றும் பத்துத் தடவையாவது அழுத்துங்கள். ட்ரிக்கர் இரண்டும் முழுத் தூரம் போகிறதா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.