அரசு மருத்துவமனை பிசியோதெரபி பிரிவு: அப்பாவோடு ஆறு வாரம்

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவின் இடது கை மடியிலேயே கிடந்தது. வெளியே ஒரு தடவைக்கு 500 ரூபாய் கேட்டார்கள். சரி என்று எங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கே அழைத்துப் போனேன். காசு எதுவும் வாங்கவில்லை.

பிரிவை நடத்துவது ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட். காலையில் ஊழியர்கள் எல்லோரையும் நிற்க வைத்தே ஐந்து நிமிடம் பேசி, எந்த நோயாளிக்கு யார் என்று பிரித்துவிடுவார். அப்பா போய்ச் சேர்ந்தது பார்வையற்ற ஒரு தம்பியிடம். "ஐயா, தோளை இறுக்காதீங்க" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை, அவர் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாள் "இவரா?" என்று முணுமுணுத்த அப்பா, நாலாவது வாரம் அவர் லீவு என்றதும் வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றார். இப்போது டம்ளரை இடது கையால் பிடிக்கிறார். பாதித் தண்ணீர் சட்டையில்தான்.

குறை என்றால், பிரிவு இருப்பது முதல் மாடியில், லிஃப்ட் ஓடவில்லை. நடக்க முடியாதவர்களை மாடிக்கு ஏறச் சொன்ன புண்ணியவான் யாரோ! கீழே மாற்றச் சொல்லி பிரிவை நடத்தும் அந்த அம்மா மூன்று முறை எழுதிக் கொடுத்தாராம். முடிவெடுக்கும் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடுவதில்லை. பிசியோதெரபிஸ்ட், லேப் டெக்னாலஜிஸ்ட் போன்றவர்களுக்கு 2021-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றிவிட்டது. வாசல் பலகையில் இன்னும் டாக்டர்கள் பெயர் மட்டும்தான்.

அப்புறம், எட்டு மணிக்கே போய்விடுங்கள். ஒன்பதுக்கு மேல் ஓ.பி. சீட்டு வரிசை கேட்டைத் தாண்டிவிடும்.