கண்டாங்கிக் கடையில் ஏழு வருடம்: என் மையும் நெயில் பாலிஷும்

காரைக்குடியில் ஒரு சேலைக் கடையில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். கண்டாங்கிப் பக்கம் என் பொறுப்பு. பள்ளத்தூரிலிருந்து பஸ் பிடித்து ஒன்பதரைக்குள் கடைக்கு வந்துவிட வேண்டும். வீட்டுக்குத் திரும்ப இரவு எட்டரை ஆகிவிடும். நாள் முழுக்க சேலையை விரிப்பது, மடிப்பது, வருகிறவர்கள் தோளில் போட்டுக் காட்டுவது. முகத்தைவிட என் கையைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள்.

சேர்ந்த முதல் வருடம் ஒரு ஆச்சி வந்து அரக்கில் கடுகு மஞ்சள் கட்டம் போட்ட சேலை கேட்டார்கள். முந்தியை இழுத்து விரித்தேன். ஒரு இழை என் ஆட்காட்டி விரலோடு வந்துவிட்டது. நெயில் பாலிஷ் நகத்தின் முனையில் பெயர்ந்து, நகத்தின் மேல் ஏட்டையும் கொஞ்சம் உரித்துக்கொண்டு போயிருந்தது. அந்தப் பிசிறில் நூல் மாட்டிக்கொண்டது. ஆச்சி கோபப்படவில்லை. என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "செதில் செதிலா நிக்கிது பாரு ஆத்தா, இதை வச்சுக்கிட்டா சேலையைத் தொடுறது?" என்றார்கள். எனக்கு அன்று முழுவதும் மனசு ஆறவில்லை. கைத்தறியில் ஒருவர் உட்கார்ந்து நெய்த சேலை அது.

அன்றிலிருந்து ஒரு பொருளை வாங்கினால், போட்டதும் எப்படி இருக்கிறது என்று நான் பார்ப்பதில்லை. எப்படிப் போகிறது என்று பார்க்கிறேன். காலை எட்டு மணிக்குக் கண்ணாடியில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். மதியம் சாப்பிட்ட பிறகு, பஸ்ஸில் வியர்த்த பிறகு, இரவு கழுவும்போது அது என்ன செய்கிறது என்பதில்தான் வித்தியாசம் தெரியும்.

நெயில் பாலிஷிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அதில்தான் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். எல் 18 நெயில் பாப்ஸ், 5 மில்லி குப்பி, ஐந்து வருடமாக இதுதான். நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. சின்னக் குப்பி என்பதே நான் அதை விரும்பக் காரணம். நெயில் பாலிஷில் பெரும்பகுதி ஆவியாகிப் போகிற கரைப்பான். அது பறந்து போன பிறகு நகத்தில் நிற்பது ஒரு மெல்லிய ஏடு மட்டும்தான். ஒவ்வொரு தடவை மூடியைத் திறக்கும்போதும் குப்பிக்குள்ளிருந்து கொஞ்சம் பறக்கிறது. நம்மூர் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம், பெரிய குப்பி பாதி தீர்வதற்குள் பாகு மாதிரி ஆகிவிடும். சின்னக் குப்பி கெட்டியாவதற்குள் தீர்ந்துவிடுகிறது.

கெட்டியாகிவிட்டால் பாலிஷைக் கழற்றுகிற ரிமூவரை இரண்டு சொட்டு விடுகிற பழக்கம் என்னிடமும் இருந்தது. செய்யாதீர்கள். அதில் இருக்கும் அசிட்டோன் பாலிஷின் பிடிப்பையே கெடுத்துவிடும், அடுத்த நாளே உரியும். நெயில் பாலிஷ் தின்னர் என்றே தனியாக விற்கிறது, அதுதான் சரி. குப்பியின் கழுத்தை ஒவ்வொரு முறையும் துடைத்து மூடினால் அந்தத் தின்னரும் அதிகம் தேவைப்படாது.

பெயர்வது வேறு, தேய்வது வேறு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. ஒரே பூச்சாகக் கனமாகப் போட்டால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே நிற்கும், அப்புறம் துண்டாகப் பெயரும். மெல்லிசாக இரண்டு பூச்சு, நடுவே பத்து நிமிடம் விட்டுப் போட்டால் முனையில் மெதுவாகத் தேயும். தேய்ந்த நகம் நூலை இழுக்காது. பிரஷ்ஷை நகத்தின் நுனி விளிம்பிலும் ஒரு இழு இழுத்துவிட வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, சொல்லியிருந்தால் அந்தச் சேலை தப்பித்திருக்கும்.

இன்னொன்று, குளித்து வந்த கையோடு பாலிஷ் போடாதீர்கள். நகம் தண்ணீரை உறிஞ்சிக் கொஞ்சம் உப்பியிருக்கும். காயும்போது அது சுருங்கும், மேலே இருக்கிற பாலிஷ் கூடவே சுருங்காது, விரிசல் விடும். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றும் வேண்டாம். நான் வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பவள், அன்று இரவே பாலிஷ் போட்டு மாதக்கணக்கில் ஏமாந்திருக்கிறேன். இப்போது ஞாயிறு சாயங்காலம்தான். போடுவதற்கு முன் ரிமூவர் தொட்ட பஞ்சால் வெறும் நகத்தை ஒரு தடவை துடைத்துவிடுவேன், ஒட்டியிருக்கிற எண்ணெய் போய்விடும்.

நிறத்துக்கு வருகிறேன். லேசான ரோஜா நிறம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் கையால் சாப்பிடுகிறவர்களுக்கு அது ஒத்துவராது. ஞாயிறு போட்டால் புதன்கிழமை வலது கை ஐந்து நகமும் மஞ்சள், இடது கை அப்படியே ரோஜா. எண்ணெய் மிதக்கிற குழம்பில் விரலை விட்டுப் பிசைந்தால் மஞ்சள் அந்த ஏட்டுக்குள் இறங்கிவிடுகிறது. சோப்புப் போட்டால் ஒரு நொடி சிவப்பாகவும் மாறும், மஞ்சளோடு காரம் சேர்ந்தால் வரும் நிறம் அது. வெயில் பட்டால் கொஞ்சம் வெளுக்கும், வேட்டியில் பட்ட மஞ்சள் கறை கொடியில் காய்ந்து மங்குவது போலத்தான். ஆனால் கடைக்குள் நிற்கிற எனக்கு வெயில் ஏது? நிறமில்லாத டாப் கோட் மேலே போட்டால் கறை அந்தப் பூச்சோடு நிற்கிறது. மூன்றாம் நாள் இரவு இன்னொரு பூச்சு. இத்தனை வேலையும் ஒரு லேசான நிறத்துக்காகவா என்று தோன்றியது. அதனால் தினசரிக்கு அரக்கு, செங்கல் சிவப்பு இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். கண்டாங்கியின் நிறமும் அதுதான், கட்டத்தின் மேல் விரல் வைத்துக் காட்டும்போது கை சேலையோடு சேர்ந்துகொள்கிறது. எங்கள் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர் ஆட்கள் நிறைய வருகிறார்கள், சேலையைப் படம் எடுக்கும்போது என் விரலும் சேர்ந்து விழுகிறது. அடர் சிவப்பு போடுகிறவர்கள் அடியில் பேஸ் கோட் போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் கழற்றிய பிறகு நகமே பழுப்பேறி நிற்கும்.

பாலிஷைக் கழற்றும்போது ரிமூவரில் பஞ்சை நனைத்து நகத்தின் மேல் பத்துப் பதினைந்து எண்ணும் வரை அழுத்திப் பிடித்து, அடியிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பு. அப்புறம் கையைக் கழுவி ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய், வெளுத்துப்போன நகம் பழைய நிலைக்கு வந்துவிடும். ரிமூவர் சீக்கிரம் தீப்பிடிக்கிற திரவம், சாமி விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்யாதீர்கள். எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஆத்தங்குடிப் பூக்கல் போட்டிருக்கிறது. ஒருநாள் அரக்குக் குப்பி கவிழ்ந்துவிட்டது. சிவப்புப் பூவின் மேல் விழுந்தது தெரியவே இல்லை, பக்கத்து வெள்ளைக் கட்டத்தில் இறங்கியது எத்தனை துடைத்தும் முழுதாகப் போகவில்லை. பக்கத்தில் போகும்போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது. இப்போது செய்தித்தாளை நான்காக மடித்துப் போட்டு, அதன் மேல்தான் குப்பி.

அம்மாவுக்கு ஒரு சின்ன அறுவை சிகிச்சை நடந்தபோது நர்ஸ் முதலில் கேட்டதே நெயில் பாலிஷ் இருக்கிறதா என்றுதான். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கருவி நகத்தின் வழியாக ஒளியை விட்டு அளக்கிறது, அடர் நிறம் அளவை மாற்றிக் காட்டக்கூடும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நினைவில் வையுங்கள்.

ஆடியில் ஒரு மாதம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மருதாணி. போகிற விதத்தில் மருதாணிக்கு ஈடாக நான் எதையும் பார்க்கவில்லை. உரிவதில்லை, பெயர்வதில்லை, நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர வளர அடியில் பிறை மாதிரி வெள்ளை எட்டிப் பார்க்கும். கார்த்திகைக்கு நுனியில் ஒரு கீற்று மட்டும் இருக்கும். அப்பத்தாவுக்கு அந்தக் கீற்றைப் பார்த்தால் சந்தோஷம்.

அடுத்தது கண் மை. பள்ளிக்கூட நாளில் ஐடெக்ஸ், 1938 முதல் இருக்கிற பெயர், எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்கும் அதுதான். இப்போதும் லீவு நாளில் அதைத்தான் போடுகிறேன், கண்ணுக்கு அந்தக் குளுமை வேறு எதிலும் வருவதில்லை. கடைக்குப் போகிற நாளில் லாக்மே ஐகானிக் காஜல். திருகினால் மேலே வரும், சீவ வேண்டாம். 0.35 கிராம்தான், எனக்கு இரண்டரை மாதம் வருகிறது. கண்ணின் கீழ் ஓரத்தில் ஒரே கோடு, அதற்கு வெளியே பவுடரைச் சின்ன விரலால் தொட்டு வைத்துவிடுவேன். மாலையில் கோடு கொஞ்சம் மங்கியிருக்கும், கன்னத்துக்கு இறங்கியிருக்காது. வெயில் காலத்தில் குச்சி இளகி ஒடியும், அதனால் நெல் அளவுக்கு மேல் திருகாதீர்கள். மாலை வரை நின்ற எத்தனையோ காஜல் இரவு கழுவும்போது என்னைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. இது இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெயில் பழைய வேட்டித் துணியால் துடைத்தால் வந்துவிடுகிறது. தேய்க்க வேண்டியதில்லை.

லாக்மே என்றால் என்ன என்று அப்பத்தா ஒருநாள் கேட்டார்கள். 1952-இல் டாடா குழுமம் ஆரம்பித்தது, லட்சுமி என்ற பெயரைப் பிரெஞ்சில் அப்படிச் சொல்வார்கள் என்றேன். "அப்ப சரி, போட்டுக்க" என்றுவிட்டார்கள்.

பொட்டில் எனக்கு ஒரு கெட்ட அனுபவம் உண்டு. நான்கு வருடம் ஒரே ஸ்டிக்கர் பொட்டு, இரவிலும் கழற்றாமல் வைத்திருந்தேன். ஒருநாள் எடுத்துப் பார்த்தால் அந்த வட்டத்தில் தோல் வெளுத்திருந்தது. தோல் டாக்டரிடம் போனேன். சில பொட்டுகளின் பசையில் இருக்கிற பிடிபிபி என்ற ரசாயனம் தோலுக்கு நிறம் தருகிற செல்களைப் பாதிக்கும் என்றார். நிறம் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, முழுதாகத் திரும்பவும் இல்லை. அரிப்போ சிவப்போ தெரிந்த அன்றே நிறுத்திவிடுங்கள், நான் அரிப்பைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டேன். இப்போது கொப்புடையம்மன் கோயில் குங்குமம்தான். நேராக வைத்தால் வியர்வையில் மூக்குக்கு ஓடும். வாஸ்லினை ஊசி முனையளவு தொட்டு வைத்து அதன் மேல் குங்குமத்தை அழுத்தினால் சாயங்காலம் வரை வட்டம் கலையாது. விசேஷத்துக்கு மட்டும் ஸ்டிக்கர், வீட்டுக்கு வந்ததும் எடுத்துவிடுவேன்.

லிப்ஸ்டிக் லாக்மே நைன் டு ஃபைவ் மேட், செங்கல் நிறத்துக்கு நெருங்கிய ஒன்று. மூன்று குச்சி முடித்து நான்காவதில் இருக்கிறேன். குச்சியை உதட்டில் நேராக இழுக்காமல் விரலால் தொட்டு ஒற்றி வைக்கிறேன். எண்ணெய்ச் சாப்பாட்டில் எந்த லிப்ஸ்டிக்கும் நடுவில் கரையும், கனமாகப் போட்டிருந்தால் ஓரத்தில் மட்டும் கோடாக நிற்கும். ஒற்றி வைத்தால் எல்லா இடமும் ஒன்றுபோல மங்குகிறது, மதியம் திரும்பப் போடாமலே சமாளிக்கலாம். சேலையைத் தோளில் போட்டுக் காட்டும்போது முந்தியில் ஒட்டியதும் இல்லை.

முகத்துக்கு ஃபவுண்டேஷன் கிடையாது. ஒருமுறை போட்டுக்கொண்டு போய்க் கழுத்து வியர்வையில் அது இறங்கி வெள்ளைச் சேலை ஒன்றின் ஓரத்தில் பட்டுவிட்டது. அத்தோடு விட்டேன். கோகுல் சாண்டல் பவுடர் போதும். மாநிறத்துக்கு அது சாம்பல் பூத்த மாதிரி தெரியும் என்பார்கள், தெரியும்தான். உள்ளங்கையில் பரப்பித் தட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் பூசி, ஈரத் துணியால் முகத்தை ஒரு ஒற்று ஒற்றினால் தோலோடு சேர்ந்துவிடும்.

சன்ஸ்கிரீன்தான் எனக்கு இன்னும் அமையவில்லை. குப்பியில் போட்டிருக்கிற எஸ்பிஎஃப் என்ற பாதுகாப்பு எண் 30 என்றால், தோலைச் சுடுகிற யூவிபி என்ற வெயில் கதிரில் 97 சதவீதம், 50 என்றால் 98 சதவீதம் தடுக்கும், அந்த ஒரு சதவீதத்துக்காக நான் கூடுதல் காசு கொடுப்பதில்லை. அளவுதான் முக்கியம், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம். ஆனால் அந்த அளவு போட்டு பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றால் வெள்ளை வெள்ளையாக வழிகிறது, இல்லையென்றால் கண் எரிகிறது. இதுவரை ஐந்து மாற்றிவிட்டேன். இப்போது ஜெல் மாதிரி ஒன்றை மூன்று வாரமாகப் போடுகிறேன். மாசி வெயிலுக்கு வழியாமல் நிற்கிறது. சித்திரை முழுக்கப் போட்டுப் பார்த்துவிட்டு அதன் பெயரைச் சொல்கிறேன்.