கொடைக்கானல் காட்டேஜா, குன்னூர் குடியிருப்பு வீடா: வாடகை வருமானத்துக்கு எது ஏற்றது?

வாடகை வருமானத்துக்காக மலையில் ஒரு வீடு வாங்குவது என்று தீர்மானித்தபின் எங்கள் முன்னால் இரண்டு வழிகள் நின்றன. ஒன்று, கொடைக்கானல் நாயுடுபுரம் பக்கத்தில், சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டில், மெத்தை, சமையல் சாமான்களோடு விற்பனைக்கு வந்த காட்டேஜ். மற்றொன்று, குன்னூரில் வெலிங்டனுக்கும் அருவங்காட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில், ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடத்தக்க இரண்டு படுக்கையறை வீடு. விலையில் பெரிய வேறுபாடு இல்லை. நாங்கள் குன்னூர் வீட்டை வாங்கினோம். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும். கொடைக்கானலைப் பொறுத்தவரை, வீடுகளைச் சுற்றிப் பார்த்ததும், அங்கே காட்டேஜ் நடத்தும் உறவினர் ஒருவரின் வரவு செலவுக் கணக்கைப் புரட்டிப் பார்த்ததும்தான் என் அனுபவம்.

இரண்டுக்கும் பொதுவானவற்றில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. குளிரும் காட்சியும் இரு ஊர்களிலும் உண்டு. இரண்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையைப் பலமாக வாங்குபவை. பத்திரப்பதிவுச் செலவும் ஒன்றே: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, தனிப்பட்டா, அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம் ஆகியவற்றைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது என்பதும் எங்கும் உள்ள விதிதான். மலைக்கிராமங்களில் கூட்டுப் பட்டா நிலம் அதிகம் என்பதால், பங்காளிகள் அனைவரின் கையெழுத்தும் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

வருமானக் கணக்கைப் போட்டால் முதலில் காட்டேஜ்தான் கவரும். கணக்குக்காக வீட்டின் விலை 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பதிவுச் செலவோடு அது 65 லட்சத்து 40 ஆயிரம் ஆகிறது. மாதம் 15,000 ரூபாய் வாடகை வந்தால் ஆண்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். போட்ட முதலுக்கு 3 சதவீதம்கூடத் தேறவில்லை. அதே வீட்டை ஓர் இரவுக்கு 4,000 ரூபாய் என்று 120 இரவுகள் விட முடிந்தால் 4 லட்சத்து 80 ஆயிரம். காட்டேஜ் விற்பவர்கள் இந்த இரண்டு தொகைகளை அருகருகே எழுதிக் காட்டிவிட்டுப் பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். முன்பதிவுத் தளங்களின் கழிவு 15 சதவீதம் என்றால் 72,000. காவலுக்கும் துப்புரவுக்கும் ஓர் ஆள், மாதம் 12,000 வீதம் 1 லட்சத்து 44 ஆயிரம். வணிகக் கட்டண மின்சாரம், சலவை, எரிவாயு, இணையம் என்று 60,000. ஆண்டுதோறும் வண்ணப்பூச்சும் பழுதுபார்ப்பும் 70,000. இவற்றைக் கழித்தால் கையில் நிற்பது 1 லட்சத்து 34 ஆயிரம். மாத வாடகை வீட்டில் சொத்து வரிக்கும் சில்லறைப் பழுதுக்கும் 25,000 ஒதுக்கினாலும் 1 லட்சத்து 55 ஆயிரம் மிஞ்சுகிறது. 120 இரவுகள் 160 ஆனால் காட்டேஜ் முந்திவிடும் என்பதையும் மறைக்கவில்லை. வருமான வரியில் வீட்டு வாடகைக்கு 30 சதவீத நிலையான கழிவு கிடைக்கிறது. விடுதி போல நடத்தும் காட்டேஜின் வரவு பெரும்பாலும் தொழில் வருமானமாகவே பார்க்கப்படும், அங்கே உண்மையான செலவுக்கு ரசீது வைத்திருக்க வேண்டும்.

மேற்கண்ட கணக்கில் எளிதாகத் தாண்டிவிடக்கூடிய செலவு, பழுதுபார்ப்புக்கான அந்த 70,000 ரூபாய். எங்கள் முடிவைத் தீர்மானித்தது அதுதான். மலையில் வீட்டை அரிப்பது ஈரம். சமவெளியில் ஆறு மாதம் பூட்டிவைத்த வீட்டில் தூசி படிந்திருக்கும். மலையில் ஆறு வாரம் பூட்டிவைத்தால் அலமாரிக்குள் பூஞ்சை பூத்திருக்கும், கதவு உப்பிச் சட்டத்தில் சிக்கியிருக்கும், பஞ்சு மெத்தை பாரமாகியிருக்கும். சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவர் மண்ணை ஒட்டியோ மிக அருகிலோ நிற்பதால், மழை நின்ற பிறகும் அந்தச் சுவர் வாரக்கணக்கில் நீரை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். இதற்கு மருந்து மூன்று: சுவருக்கும் மண்வெட்டுக்கும் நடுவே வடிகாலோடு கூடிய இடைவெளி, தடுப்புச் சுவரில் அடைபடாத நீர்த்துளைகள், நாள்தோறும் வீட்டுக்குள் எரியும் அடுப்பு. முதல் இரண்டையும் பணத்தால் செய்துகொள்ளலாம். மூன்றாவதற்கு ஆள் குடியிருக்க வேண்டும்.

ஒரு குடும்பம் வசிக்கும் வீட்டில் காலையும் மாலையும் சமையல் நடக்கிறது, வெயில் வந்ததும் சன்னல்கள் திறக்கப்படுகின்றன, கம்பளி வெளியே காய்கிறது. கூரையில் ஒழுகல் தொடங்கினால் அன்றைக்கே தொலைபேசி வருகிறது. தகரக் கூரையின் ஆணியடியில் துரு ஏறித் துளியாகச் சொட்டும்போதே கவனித்தால் சில நூறு ரூபாய் வேலை, மச்சுப் பலகை ஊறி இற்றுப்போன பிறகு கவனித்தால் பல ஆயிரம் ரூபாய் வேலை. காட்டேஜில் நடப்பது நேர்மாறு. வெள்ளிக்கிழமை வருபவர்கள் குளிருக்குப் பயந்து சன்னலைத் திறப்பதில்லை, வெந்நீரில் நெடுநேரம் குளிக்கிறார்கள், ஈரத் துண்டுகளை நாற்காலியில் போட்டுவிட்டு ஞாயிறு மதியம் இறங்கிவிடுகிறார்கள். அந்த ஆவி முழுவதும் சுவரில் தங்க, வீடு அடுத்த வெள்ளி வரை பூட்டிக்கிடக்கிறது. என் உறவினரின் கணக்கில் மிகுதியாக வளர்ந்துகொண்டே வந்த செலவு இதுதான். காவலாளர் நல்லவர், ஆனால் ஒருவர் சன்னலைத் திறந்துவைப்பதும் ஒரு குடும்பம் வாழ்வதும் ஒன்றல்ல.

பழுது பார்க்கும் காலமும் காட்டேஜுக்குப் பகையாக அமைகிறது. வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஓய்ந்தாலும் சுவர்கள் உலர்ந்து வண்ணம் பிடிக்கும் நிலைக்கு வர பிப்ரவரி, மார்ச் ஆகிவிடும். ஏப்ரலில் சீசன் தொடங்கிவிடுவதால், ஊரிலுள்ள அத்தனை விடுதிக்காரர்களும் அந்தக் குறுகிய இடைவெளியில் அதே கொத்தனார்களையும் பெயின்டர்களையும் தேடுகிறார்கள். மணலும் சிமென்டும் சமவெளியிலிருந்து ஏறி வர வேண்டும். சாலையிலிருந்து வீட்டுக்குப் படிக்கட்டுதான் வழி என்றால் மூட்டைக்குத் தலைச்சுமைக் கூலி தனி. அதனால்தான் எந்த மலையில் வாங்கினாலும், வண்டி வாசல் வரை வருகிற வீட்டுக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது தகும் என்பேன். குடியிருப்பு வீட்டில் சீசனைப் பற்றிய கவலை இல்லை. குடியிருப்பவரிடம் சொல்லிவிட்டு வெயில் நிற்கும் எந்த வாரத்திலும் வேலையை முடித்துக்கொள்ளலாம்.

சட்டப் பக்கம் சுருக்கமாகச் சொல்லலாம். குடியிருப்புக்கு என்று அனுமதி பெற்ற கட்டடத்தை விடுதியாக நடத்துவது இரண்டு மலைகளிலுமே சிக்கல். கொடைக்கானலில் விதிமீறிய கட்டடங்கள் பலவற்றுக்கு 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் சீல் வைக்கப்பட்டது. அவற்றில் தங்கும் விடுதிகளும் இருந்தன. கட்டட உயரம் 7 மீட்டருக்கு மிகக் கூடாது என்ற விதியால், பின்னாளில் மாடி எழுப்பி வருமானம் பெருக்கலாம் என்ற எண்ணமும் எளிதில் நிறைவேறாது. இதோடு, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ், அதாவது வெளியூர் வாகனங்கள் இணையத்தில் முன்கூட்டியே பெற வேண்டிய அனுமதி, வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் நீதிமன்றம் வரம்பு விதித்தது. காட்டேஜ் தன் ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கை ஈட்டும் மாதங்களிலேயே இந்த வரம்பு வந்தது. மலையின் தாங்குதிறனை எண்ணினால் வரம்பு நியாயமானதுதான். ஆனால் முதலீட்டுக் கணக்கில் அது ஒரு நிச்சயமின்மை.

குன்னூரில் குடிவருவோர் சீசனைச் சார்ந்தவர்கள் அல்லர். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, வெலிங்டன் ராணுவ நிலையம், பாஸ்டியர் நிறுவனம், பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றில் வேலை பார்ப்பவர்களில் பணியாளர் குடியிருப்பு கிடைக்காதவர்கள் ஆண்டு முழுவதும் வீடு தேடுகிறார்கள். பணியிட மாற்றமும் பள்ளிச் சேர்க்கையும் மே, ஜூனில் வருவதால் வீடு காலியாவதும் நிரம்புவதும் அதே பருவத்தில் நடந்துவிடுகிறது. குறை இல்லாமல் இல்லை. வாடகை மெதுவாகத்தான் ஏறும். கோடையில் தண்ணீர் முறை வைத்து வரும் என்பதால் பெரிய தொட்டி கட்டாயம். கூடவே காட்டெருமை வாசலில் நிற்கும் காலைகளுக்கும் குடியிருப்பவர் பழக வேண்டும்.

இனி வளரும் இடங்கள் என்று சொல்லப்படுபவை. உதகையில் புதிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025இல் திறக்கப்பட்டதால் மருத்துவர், செவிலியர், மாணவர்களுக்கான வாடகைத் தேவை கூடும் என்பது என் கணிப்பு. பணம் போட்டுப் பார்க்கவில்லை. கோத்தகிரியில் கோவைக்காரர்களின் வார இறுதி வீடுகள் பெருகிவருகின்றன, மாத வாடகைக்கு வருவோர் குன்னூர் அளவுக்கு இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கூடலூர், பந்தலூர் பக்கம் விலை மலிவாகச் சொல்லப்படும் நிலங்களில், ஜென்மிகள் எனப்பட்ட பழைய பெருநிலக்காரர்களின் உரிமையை ஒழித்த 1969ஆம் ஆண்டு ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கியவை உண்டு. அவற்றுக்குத் தெளிவான பட்டா கிடைக்காது. மசினகுடியை ஒட்டிய சீகூர் யானை வழித்தடத்திலுள்ள ரிசார்ட்டுகளை வெளியேறச் சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததை நினைவில் வைத்தால், மசினகுடியில் ரிசார்ட் பங்கு என்று வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்ல அதிக நேரம் ஆகாது.

காட்டேஜ் யாருக்குப் பொருந்தும் என்றால், அதே வளாகத்தில் தாமே குடியிருக்கப் போகிறவர்களுக்கு. ஓய்வுபெற்று மலைக்கே வந்துவிடும் தம்பதியர் ஒரு பகுதியில் வாழ்ந்துகொண்டு, முறையாகப் பதிவு செய்து மறுபகுதியை விருந்தினருக்கு விட்டால், காவலாள் சம்பளமும் ஈரச் செலவும் பெரிதும் குறையும். கணக்கு அப்போது அவர்கள் பக்கம் திரும்பிவிடும். தொலைவில் இருந்துகொண்டு நடத்துபவருக்கு நான் குடியிருப்பு வீட்டையே சொல்வேன்.

அப்படி வாங்குபவர்கள் ஒப்பந்தத்தில் கவனம் வைக்க வேண்டும். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி எழுத்து வடிவ ஒப்பந்தமும் அதன் பதிவும் கட்டாயம். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மிகக் கூடாது. வெள்ளையடிப்பதும் கட்டமைப்புப் பழுதும் உரிமையாளர் பொறுப்பு, குழாய் வாஷர் மாற்றுவதும் வடிகால் துப்புரவும் குடியிருப்பவர் பொறுப்பு என்று சட்டம் பிரித்திருக்கிறது. கூரைத் தாழ்வாரத்தின் மழைநீர்க் கால்வாயில் சில்வர் ஓக் இலைகளை அள்ளுவது யார் வேலை என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது எங்கள் செலவு, குடியிருப்பவர் ஆள் பிடித்துச் செய்துவிட்டு அந்த மாத வாடகையில் கழித்துக்கொள்கிறார்.