54×3 வாட் பார் லைட்: மூணு ஆடிக்கு அப்புறம்

விலை இறங்கியிருக்கே, 54×3 வாட் பார் (PAR) லைட், அதாவது மூணு வாட் எல்இடி 54 இருக்கிற கலர் மேடை விளக்கு, ஒரு எட்டு வாங்கிப் போடலாமான்னு நண்பர் கேட்டார். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்னு கடலோரப் பந்தல்களில் மூணு ஆடி ஓடின செட்டை வெச்சுச் சொல்றேன். வெளிச்சம் அருமை. கலர் கலவை சுத்தம். லைட்டைக் கட்டுப்படுத்துற டிஎம்எக்ஸ் சிக்னல் ஒரு நாளும் மக்கர் பண்ணலை. பிரச்சினை எல்லாம் பின்னாடி சுத்துற அந்தச் சின்ன ஃபேன்தான்.

"எல்இடி போயிடுச்சு"ன்னு கழட்டுற லைட்டில் முக்கால்வாசி, எல்இடி சாகும் முன்னாடியே ஃபேன் செத்திருக்கும். ஃபேனுக்குள்ளே இருப்பது மலிவான ஸ்லீவ் பேரிங், அதாவது குண்டு இல்லாத வெறும் குழாய். உப்புக் காத்து, பந்தல் தூசி, புகை மெஷினோட எண்ணெய்ப் பிசுபிசுப்பு மூணும் சேர்ந்து இறக்கையில் கம்பளி மாதிரி படியும். விரலால் தட்டிப் பாருங்க: நல்ல ஃபேன் நாலஞ்சு சுத்து ஓடி மெதுவா நிக்கும், கெட்டது விட்ட இடத்திலேயே நின்னுடும்.

கழட்டாமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. அம்மன் மேல மஞ்சள் வெளிச்சம் வெச்சு அரை மணி நேரம் விடுங்க. மஞ்சள்னா சிவப்பும் பச்சையும் கலந்ததுதானே? சூடு ஏறினா சிவப்பு எல்இடிதான் மத்ததைவிட அதிகமா மங்கும். ஏழு மணிக்கு மஞ்சளா இருந்த முகம் ஏழரைக்குப் பச்சை பூசின மாதிரி தெரிஞ்சா, ஃபேன் திணறுதுன்னு அர்த்தம். அன்னைக்கு ராத்திரியே மாத்திட்டா லைட் பிழைக்கும்.

மாத்தும்போது பழைய ஃபேன் ஸ்டிக்கரில் 12 வோல்ட்டா 24 வோல்ட்டான்னு பார்த்து, அதே அளவில், குண்டு வெச்ச பால் பேரிங் ஃபேன் வாங்குங்க. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு அம்புக்குறி பார்த்து மாட்டணும். திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிஷம் விட்டாலும் நம்பாதீங்க. லைட்டுக்குள்ள பவர் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் போர்டில், கரன்ட்டைச் சேமிச்சு வைக்கிற பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம், மீட்டர் வெச்சுப் பார்த்துட்டுத்தான் கை வைக்கணும். சின்ன கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தா 105 டிகிரி சூடு தாங்குற ரகம் போடுங்க.

ஒரு கலரில் ஒரு வரிசை மட்டும் மொத்தமா அணைஞ்சா, தொடரா கோர்த்த எல்இடிகளில் ஒண்ணு அறுந்து ஓப்பன் ஆகியிருக்கும். மீட்டரை டயோட் மோடில் வெச்சு ஒவ்வொண்ணா தொட்டா, நல்ல எல்இடி லேசா மினுக்கும். சில மீட்டரில் வோல்ட்டேஜ் பத்தாது, நீலமும் வெள்ளையும் மினுக்காது, அதை வெச்சு நல்லதைக் கழட்டிடாதீங்க. அலுமினியம் போர்டு சூட்டை உறிஞ்சுறதால 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒண்ணும் பண்ணாது. போர்டை அடியிலிருந்து சூடாக்கித்தான் எடுக்கணும். செத்ததைக் கம்பி வெச்சு ஷார்ட் பண்றது வேண்டவே வேண்டாம். கரன்ட்டைக் கட்டுப்படுத்தாத மலிவு டிரைவரில் அந்தப் பாரம் மீதி எல்இடிகள் மேல விழும்.

நாலஞ்சு லைட் ஒரே நேரத்தில் பட்டுன்னு போனா ஃபேனைத் திட்டாதீங்க, ஜெனரேட்டரில் மூணு ஃபேஸுக்கும் பொதுவான நியூட்ரல் கம்பியைப் பாருங்க. மூணு ஃபேஸ் லைனில் நியூட்ரல் லூஸானா 230 வர வேண்டிய இடத்தில் 400 வரைக்கும் போகும். லைட் சொருகும் முன், வேற லோடு போட்ட நிலையில் மூணு ஃபேஸையும் அளங்க. ஒண்ணு 180, இன்னொண்ணு 280ன்னு காட்டினா சொருகவே கூடாது.

இன்னொண்ணு, மழைக்குப் பாலித்தீன் கவர் கட்டுற பழக்கம். ஃபேன் இழுக்கக் காத்தே இல்லாம லைட் உள்ளேயே வேகுது. தூறலுக்குக் கட்டினா, லைட்டை அணைச்சுட்டுக் கட்டுங்க.

இவ்வளவு வெளிச்சம் கொடுக்கிற லைட்டை, டீ செலவில் மிச்சம் பிடிக்கிற ஃபேனைப் போட்டுக் கெடுத்திருக்காங்க. கோபம் தீரலை. பெரம்பூர்ல மூடின மண்டபத்துக்குன்னா தாராளமா வாங்கலாம். கடலோர வேலைக்கு இந்த விலையிலும் வாங்கச் சொல்ல மனசு வரலை. அதே காசுக்கு எட்டு வேண்டாம், ஃபேன் இல்லாத, தூசியும் தண்ணியும் புகாத ஐபி65 ரகத்தில் நாலு எடுங்க. அது கனம் அதிகம், லைட் தொங்குற இரும்புச் சட்டத்தில் (ட்ரஸ்) கிளாம்ப்போட சேஃப்டி ரோப்பும் கட்டாயம் மாட்டுங்க.