கேட் எடிட்டரின் ஆவணப் பட்டை: மரமா, பட்டியலா?

திருகோணமலை பற்றிய இணையதளத்துக்கு நிலாவெளி, உப்புவெளி, கன்னியா என்று மூன்று கோப்புறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு 'இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்'. கேட் (Kate) என்பது கோப்புகளைத் திருத்தும் ஒரு உரைத் திருத்தி; திறந்திருக்கும் கோப்புகளை அதன் ஆவணப் பட்டை மரமாகவோ பட்டியலாகவோ காட்டும். அந்தப் பட்டையைப் பற்றிக் கையேடு சொல்வதைச் சரிபார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை.

மரப் பார்வையில் கோப்பு எந்தக் கோப்புறைக்குரியது என்பது பார்த்த உடனேயே தெரியும். ஆனால் கோப்புறைக்குள் கோப்புறை என்று ஆழம் கூடினால், ஒடுங்கிய பட்டையில் பெயரின் வால் மறைந்துவிடும். கையேட்டுப் படத்தைப் பட்டையை அகட்டிவிட்டே எடுக்க வேண்டும்.

பட்டியல் பார்வை இடம் பிடிக்காது. ஐந்தாறு கோப்புகளுக்கு அதுவே கைக்கு வேகம். ஒரே பெயர்கள் வந்தால்தான் சிக்கல்: கன்னியாவைத் திருத்துவதாக நினைத்து உப்புவெளியைக் கெடுத்துவிடுவோம். இந்த எச்சரிக்கையைக் கையேட்டில் கட்டாயம் சேருங்கள்.

பட்டையில் வலது சொடுக்கினால் பார்வையையும் வரிசையையும் மாற்றலாம். திறந்த ஒழுங்கு, பெயர், முகவரி (கோப்பு இருக்கும் பாதை) என மூன்றையும் தனித்தனியே சோதியுங்கள். பழைய தெரிவு நினைவில் இருப்பதால் கையேட்டுப் படமும் உங்கள் திரையும் பொருந்தாமல் போகலாம். கணினியில் புதிய பயனர் கணக்குத் திறந்து பாருங்கள்.