32 மி.மீ. குழாயா, 50 மி.மீ. குழாயா?

மரச்சீவல் இழுக்கும் வேக்குவம் கருவிக்கு நான் தயங்காமல் 50 மி.மீ. குழாயைத்தான் சொல்வேன். 32 மி.மீ. குழாயைவிட அதன் குறுக்குப் பரப்பு சுமார் 2.4 மடங்குதான். ஆனால் ஒரே நீளத்தில், ஒரே அளவு காற்று ஓடும்போது, சிறிய குழாயில் அழுத்த இழப்பு ஏறத்தாழ 9 மடங்கு! விட்டம் குறையக் குறைய இழப்பு கிட்டத்தட்ட ஐந்தாம் அடுக்கில் ஏறுகிறது. நீளம் அவ்வளவு கொடுமை செய்வதில்லை. இரட்டித்தால் உராய்வு இழப்பும் இரட்டிக்கும், அவ்வளவே. உட்சுவரில் வளையம் வளையமாக மடிப்பு இருந்தால் இன்னும் மோசம்; விரலை விட்டுத் தடவினாலே தெரிந்துவிடும்.

கையில் பிடித்துத் தேய்க்கும் சாண்டருக்கு மட்டும் 32 மி.மீ. நல்லது: எடை குறைவு, எளிதில் வளையும். அதையும் குட்டையாக வைத்து, மீதித் தூரத்துக்குப் பெரிய குழாயை இணையுங்கள். மோட்டார் வலுவற்றதென்றால் 50 மி.மீ.க்கு மேல் போகவேண்டாம். காற்றின் வேகம் தணிந்து, கனமான சீவல்கள் குழாயிலேயே படிந்துவிடும்.